மலைக்கு அரசு கீழிருந்து வரவில்லை

அரசு சமவெளியில் பிறந்தது, மலைக்கு அது பின்னால்தான் ஏறிவந்தது என்ற எண்ணம் நம்மிடம் கேள்வியே இல்லாமல் ஊறிப்போய்விட்டது. காவிரிக்குச் சோழன், வைகைக்குப் பாண்டியன், பாலாற்றுக்குப் பல்லவன் என்று ஆற்றுக்கொரு முடியைச் சொல்கிறோம். ஜவ்வாது மலை என்று வந்ததும், அங்கே பழங்குடிகள் இருந்தார்கள், தேன் எடுத்தார்கள், சாமை விதைத்தார்கள் என்று இரண்டு வரியில் முடித்துக்கொள்கிறோம். வகுப்பறையில் இப்படி, சுற்றுலாக் கையேட்டில் இப்படி, மேடைப் பேச்சில் இப்படி. அந்த மலைக்கு அரசியல் வரலாறு என்று ஒன்று உண்டு என்பதே நன்கு படித்த பலருக்கும் தெரியாது. இந்த எண்ணம் தவறானது. அந்தத் தவறு ஏட்டோடு நின்றிருந்தால் இவ்வளவு மெனக்கெட வேண்டியதில்லை. அது இன்று உயிரோடிருக்கும் மனிதர்களின் உரிமையில் கைவைக்கிறது.

எதிர்த்தரப்பு சொல்வதை முதலில் அதன் முழு வலுவோடு வைக்கிறேன். அரசு உருவாக உபரி வேண்டும். உபரிக்கு நெல், நெல்லுக்கு ஏரியும் வாய்க்காலும். உபரி இருந்தால்தான் வரி. வரி இருந்தால்தான் படையும் கோயிலும் பிரமதேயமும் கணக்கனும். கொத்துக்காட்டில் சாமையும் தினையும் விளைவிக்கும் மலையில் குலத்தலைமைக்கு மேல் எதுவும் வளர வழியில்லை. சங்கப் பாடல்களில் வரும் நன்னன், அதியமான், பாரி, ஓரி போன்றவர்கள் அரசு முழுதாக உருவாவதற்கு முந்திய காலத்துத் தலைவர்கள். மூவேந்தர் தழைத்ததும் மறைந்துபோனார்கள். அதன்பின் பல்லவரும் சோழரும் ஆள் வைத்து மலைநாட்டை ஆண்டார்கள். இன்று மலையில் வாழும் மலையாளி மக்களோ, காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் நாங்கள் என்று தாங்களே சொல்கிறார்கள். ஆக, பழைய தலைவர்களுக்கும் இவர்களுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. இவர்களுடைய ஊர்க்கவுண்டரும் நாட்டாரும் சாதிப் பெரியவர்கள். அரசியல் அமைப்பு என்று அவர்களைச் சொல்ல முடியாது.

இது அறியாமையில் பிறந்த வாதம் இல்லை. கல்வெட்டையும் வேளாண் பொருளாதாரத்தையும் ஆழமாகப் படித்தவர்கள் பலர் சேர்ந்து கட்டியது. ஒரு கண்ணி இன்னொரு கண்ணியைத் தாங்கி நிற்பதாகத் தோன்றும். ஒவ்வொரு கண்ணியாக இழுத்துப் பார்ப்போம்.

1. மலைத்தலைவர்கள் மறைந்துவிட்டார்கள் என்பது உண்மையா?

கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் அசோகர் தம் இரண்டாம் பாறைச் சாசனத்தில், தம் ஆட்சிக்கு வெளியே தெற்கே இருந்த அரசுகளை வரிசையாகச் சொல்கிறார்: சோழர், பாண்டியர், சத்தியபுத்திரர், கேரளபுத்திரர். மூவேந்தர் என்று நாம் மூன்றோடு நிறுத்திக்கொண்ட இடத்தில் மௌரியப் பேரரசின் அலுவலகம் நான்கு என்று எழுதியிருக்கிறது. அந்தச் சத்தியபுத்திரர் யார் என்று அறிஞர்கள் நெடுங்காலம் சண்டையிட்டார்கள். 1981இல் திருக்கோவிலூர்ப் பக்கம் ஜம்பையில் ஒரு குகையில் கிடைத்த தமிழி எழுத்துக் கல்வெட்டு சண்டையை முடித்துவைத்தது. சதியபுதோ அதியன் நெடுமான் அஞ்சி என்று அதில் பெயர் தெளிவாக இருக்கிறது. தகடூர் அதியமான், ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்த மரபுக்காரன், பாடலிபுத்திரத்தின் கணக்கில் சோழ பாண்டியருக்குச் சமமாக எண்ணப்பட்ட அரசன்.

அந்த மரபு எப்போது மறைந்தது? ஜவ்வாது மலைக்குக் கிழக்கே, போளூருக்கு அருகில் திருமலை என்ற சமணக் குன்று இருக்கிறது. அங்கே முதலாம் இராசேந்திரனின் புகழ்பெற்ற கல்வெட்டு உண்டு. கங்கை வரை அவன் வென்ற நாடுகளின் பட்டியல் அதில் வருவதால் ஆராய்ச்சியாளர் அனைவரும் அதை எடுத்தாள்வார்கள். அதே குன்றில் இன்னொரு கல்வெட்டும் உண்டு. கி.பி. 1200ஐ ஒட்டிய காலத்தது. தகடூர் அதிகமான் மரபில் வந்த விடுகாதழகிய பெருமாள், தன் முன்னோன் எழினி செய்துவைத்த இயக்கன், இயக்கி திருமேனிகள் சிதைந்திருக்கக் கண்டு, அவற்றைப் புதுப்பித்து மலைமேல் எழுந்தருளச் செய்ததையும், சேகண்டி ஒன்று கொடுத்ததையும், வாய்க்கால் வெட்டியதையும் அது சொல்கிறது. அசோகர் காலத்திலிருந்து இவன் காலம் வரை எண்ணினால் ஏறத்தாழ 1,450 ஆண்டுகள். இரத்த வழி அறுபடாமல் வந்ததா என்பதை யாராலும் நிறுவ முடியாது. அந்தப் பெயரும், அந்த ஊரும், அந்த முன்னோர் நினைவும் ஓர் அரச உரிமையாக அறுபடாமல் வந்திருப்பதைக் கல்லே சொல்கிறது. சோழர்களுக்கே சங்ககாலத்துக்கும் விசயாலயனுக்கும் நடுவே பல நூற்றாண்டு இடைவெளி இருக்கிறது. அந்த இடைவெளியை வைத்து அவர்களை இரண்டு வேறு மரபு என்று நாம் பிரித்துவிடுவதில்லை. அந்தப் பெருந்தன்மையை அதியமானுக்கும் காட்ட வேண்டும்.

நன்னனை எடுத்துக்கொள்ளுங்கள். மலைபடுகடாம் பாடும் நன்னன் சேய் நன்னனின் நாடு பல்குன்றக் கோட்டம். ஊர் செங்கண்மா, இன்றைய செங்கம். ஆறு, ஜவ்வாது மலையில் பிறந்து வரும் சேயாறு. பிற்காலத்தில் தொண்டை மண்டலத்தை இருபத்துநான்கு கோட்டங்களாக எண்ணியபோது பல்குன்றக் கோட்டம் அதில் ஒன்றாக அப்படியே நின்றது. பேரரசு வந்து மலையடிவாரத்தில் நாடு அமைத்துக் கொடுக்கவில்லை. ஏற்கெனவே இருந்த நாட்டைத் தன் பதிவேட்டில் ஏற்றிக்கொண்டது.

2. நடுகல்லை ஏன் முதல் வரியோடு நிறுத்திக்கொள்கிறோம்?

இதுதான் என் மறுப்பின் நடுத்தூண், ஆகவே சற்று நின்று பார்க்க வேண்டும். செங்கம் வட்டாரத்து நடுகற்களைத் தமிழ்நாடு தொல்லியல் துறை 1972இல் இரா. நாகசாமியைப் பதிப்பாசிரியராகக் கொண்டு நூலாக வெளியிட்டது. வட்டெழுத்தில் வெட்டப்பட்ட இக்கற்களில் சிம்மவிஷ்ணு, மகேந்திரவர்மன் ஆகிய பல்லவ மன்னரின் ஆட்சியாண்டுகள் முதல் வரியில் வருகின்றன. அதைப் பிடித்துக்கொண்டு, பார், பல்லவன் ஆட்சி இங்கே நடந்தது, தலைவர்கள் அவன் வைத்த ஆட்கள் என்று முடிவுகட்டிவிடுகிறார்கள்.

எடுத்தனூர் நடுகல்லை முழுதாகப் படித்துப் பாருங்கள். முதலில் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆண்டு. அடுத்து வாணகோ அரைசர் பெயர். அடுத்து அவருடைய மருமக்கள் பொற்றொக்கையார். அவருடைய சேவகன் கருந்தேவக்கத்தி எருமைகளைக் காத்து நின்று விழுந்தான். கல்லில் வீரன் வில்லும் கையுமாக நிற்கிறான். அவன் பின்னால் ஒரு நாய். நாய்க்கும் தனியாக எழுத்து வெட்டியிருக்கிறார்கள்: அதன் பெயர் கோவிவன், கள்ளர் இருவரைக் கடித்துக் காத்து நின்றது.

இந்த ஒரு கல்லில் எத்தனை படிகள்! மேலே காஞ்சியில் இருந்தவன் ஆண்டுக் கணக்கைக் கொடுத்தான். அவனிடமிருந்து வேறென்ன வந்தது? படை வரவில்லை. நீதி வரவில்லை. மந்தையைக் காத்தது உள்ளூர்ச் சேவகன். அவனை ஏவியது உள்ளூர்த் தலைமை. அவனுக்கும் அவன் நாய்க்கும் கல் நட்டு, பெயர் பொறித்து, படையல் வைத்தது ஊர். இதே வட்டாரத்து வேறு கற்களில், ஒரே பல்லவனின் ஆண்டைக் குறிக்கும் ஊர்களும் தலைவர்களும் ஒருவர் தொறுவை ஒருவர் கவர்ந்து சண்டையிட்டிருக்கிறார்கள். ஆள்வைத்து ஆண்ட பேரரசில், அந்த ஆட்களே ஒருவர் மாட்டை ஒருவர் ஓட்டிக்கொண்டு போவார்களா? போனால் மேலிடம் சும்மா இருக்குமா? காஞ்சியின் கை இங்கே எவ்வளவு நீளமாக இருந்தது என்பதற்கு இந்தக் கற்களே சாட்சி.

ஆட்சியாண்டைக் குறிப்பதே மேலாதிக்கத்தை ஏற்பதுதானே என்று கேட்கலாம். ஆம், ஏற்பதுதான். ஏற்றுக்கொள்பவன் ஏற்கெனவே நிலத்தில் நிற்பவன். ஏற்பு எங்கிருந்து வருகிறதோ அங்கேதான் அதிகாரத்தின் வேர் இருக்கிறது. இதற்கு வாணர்களைவிட நல்ல சான்று வேண்டியதில்லை. பல்லவனின் ஆண்டைக் கல்லில் குறித்த வாணகோ அரைசர் பெயர், பல்லவர் ஒழிந்து, சோழர் தலையெடுத்து, அவர்களும் தளரத் தொடங்கிய 12, 13ஆம் நூற்றாண்டுகளில் மகதை நாட்டு ஆறகழூரில் வாணகோவரையராக நின்றுகொண்டிருக்கிறது. எசமானர்கள் மாறினார்கள். ஆள் என்று சொல்லப்பட்டவர்கள் இருந்த இடத்தில் இருந்தார்கள்.

மூன்றாம் குலோத்துங்கன் காலத்தில் (1178–1218) நிலைமை இன்னும் வெளிப்படை. மேலே சொன்ன விடுகாதழகிய பெருமாளும், கரிகாலசோழ ஆடையூர் நாடாழ்வானும், செங்கேணிக் குடிச் சம்புவராயர் போன்றோரும் தங்களுக்குள் நட்பு இன்னாரோடு, பகை இன்னாரோடு என்று ஒப்பந்தம் செய்து அதைச் செங்கத்துக் கோயிலில் கல்லில் வெட்டினார்கள். சோழன் சிம்மாசனத்தில் இருக்கும்போதே, அவன் பெயரைத் தங்கள் பட்டப்பெயரில் சூடிக்கொண்டே, அவன் தலையீடு இல்லாமல் போரையும் சமாதானத்தையும் தீர்மானித்தார்கள். போரையும் சமாதானத்தையும் தீர்மானிக்கும் உரிமை ஓர் ஆளிடம் இருந்தால் அவனை அரசன் என்று சொல்லாமல் வேறு எப்படிச் சொல்வது?

3. நெல் மட்டும்தான் உபரியா?

வரலாற்றுப் பொருளாதாரம் என்ற பெயரில் காவிரிப் படுகையின் அளவுப்படியை எடுத்துவந்து மலையில் வைத்து அளக்கிறார்கள். நடக்கும் செல்வம் மாடு. அதைக் களஞ்சியத்தில் பூட்ட வேண்டியதில்லை. ஓட்டிக்கொண்டு போகலாம், பங்கிடலாம், பரிசளிக்கலாம். இந்த வட்டாரத்து நடுகற்களில் பெரும்பாலானவை தொறுவுக்காக விழுந்தவர்களுக்கு நட்டவை என்பது எதைக் காட்டுகிறது? உபரி இருந்தது, அதற்காக உயிரைக் கொடுக்கும் அளவுக்கு இருந்தது.

மலைபடுகடாத்தில் நன்னனின் அரண்மனை முற்றத்தில் குவிந்து கிடக்கும் காணிக்கைகளைப் பாருங்கள். ஆமான் கன்று, யானைக் கன்று, கரடிக் குட்டி, வருடை, கீரி, பலவகைக் கனி, கிழங்கு என்று பட்டியல் நீள்கிறது. ஒரு நெல்மூட்டை கூட இல்லாமலே ஒரு முற்றம் நிறைகிறது. அங்கே வருகிற கூத்தருக்குப் பரிசில் கொடுக்கும் அளவுக்கு அவனிடம் பொன்னும் களிறும் குதிரையும் இருக்கின்றன. வழிநெடுக மலையூர்களில் யார் என்ன சோறு போடுவார்கள், எந்தப் பாதையில் பன்றிக்கு வைத்த பொறி இருக்கிறது, எங்கே கவண்கல் பறந்து வரும் என்று பரிசில் பெற்று வந்த கூத்தன் சொல்லிக்கொண்டே போகிறான். நன்னனின் பெயரைச் சொன்னால் அந்தச் சிற்றூர்களில் வழி திறக்கிறது. அரசனின் பெயர் பாதுகாப்புச் சீட்டாகச் செல்லுபடியாகும் நிலப்பரப்புக்கு அரசு என்று பெயர். எத்தனை கலம் நெல் அளந்தான் என்பது இரண்டாவது கேள்வி.

இன்னொரு செல்வம் வழி. ஜவ்வாது மலையின் தென்முனைக்கும் எதிரே உள்ள தென்மலைக் குன்றுகளுக்கும் நடுவே இருப்பது செங்கம் கணவாய். பாராமகாலிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சமவெளிக்கு இறங்குகிறவனுக்கு அது முக்கியமான வாசல். 1767 செப்டம்பரில் ஐதர் அலியும் கர்னல் ஜோசப் சுமித்தும் மோதியது அங்கேதான். 18ஆம் நூற்றாண்டில் பீரங்கியோடு வந்தவர்களுக்கே அந்தக் கணவாய் அவ்வளவு முக்கியம் என்றால், நன்னன் ஏன் அங்கே ஊர் அமைத்தான் என்று விளக்க வேண்டியதில்லை.

மலையடிவாரத்துப் படைவீட்டிலிருந்து சம்புவராயர்கள் தனியாட்சி நடத்தியதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். சோழர் ஆட்சி முடிந்தபின் 14ஆம் நூற்றாண்டில் இராசநாராயணச் சம்புவராயன் காலம் வரை அவர்கள் தாக்குப்பிடித்தார்கள். 1360களில் குமார கம்பணன் வந்தபோது சம்புவராயன் நம்பி ஏறியது இராசகம்பீரன் மலைக் கோட்டையை. கம்பணனின் மனைவி கங்காதேவி எழுதிய மதுரா விஜயத்தில் இந்தப் போர் வருகிறது. மலை அங்கே ஒளியும் இடமாக இருக்கவில்லை. அந்த அரசின் கடைசி ஆதாரமாக இருந்தது.

4. ஸ்வீடனுக்கு ஓர் அளவுகோல், ஜவ்வாதுக்கு ஓர் அளவுகோலா?

நிலையான அரண்மனை இல்லை, தந்தைக்குப்பின் மகன் என்ற உறுதியான வரிசை இல்லை, வட்டாரத்துக்கு வட்டாரம் ஒப்புதல் கேட்க வேண்டியிருந்தது. ஆகவே இது அரசே இல்லை என்கிறார்கள். இந்த அளவுகோலை வட ஐரோப்பாவில் வைத்துப் பார்ப்போம்.

ஸ்வீடனின் அரசர்கள் இடைக்காலம் முழுவதும் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். உப்சாலாவுக்கு அருகில் மூரா கற்கள் என்ற இடத்தில் மக்கள் கூடி அரசனை ஏற்பார்கள். 13ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்ட மேற்கு யோத்தா நாட்டுச் சட்டம், அரசனை ஏற்கவும் விரட்டவும் ஸ்வீயருக்கு உரிமை உண்டு என்று ஒப்புக்கொள்கிறது. அதோடு முடியவில்லை. ஏற்கப்பட்ட அரசன் ஸ்வீடனுக்குள் இருந்த மற்ற நாடுகளைச் சுற்றிவர வேண்டும். ஒவ்வொரு நாட்டின் எல்லையிலும் அந்த நாட்டார் பிணையாட்களைக் கொடுத்தபின்தான் உள்ளே நுழையலாம். அவர்கள் சபையில் உறுதிமொழி சொல்ல வேண்டும். 1130ஐ ஒட்டி ரக்ன்வால்ட் என்ற அரசன், பிணை எதற்கு என்று மதிக்காமல் மேற்கு யோத்தா நாட்டுக்குள் குதிரையில் போனான். நாட்டாரை இழிவுபடுத்தினான் என்று அவனைக் கொன்றுபோட்டார்கள். பரம்பரை முடி என்பது 1544இல் வெஸ்தெரோஸ் நகரில் கூடிய சபையில், குஸ்தாவ் வாசா காலத்தில்தான் சட்டமானது.

1544க்கு முன் ஸ்வீடனில் அரசு இல்லை என்று எந்த வரலாற்று நூலாவது எழுதுகிறதா? இல்லை. அங்கே அதை மக்கள் உரிமையின் தொன்மை என்று பெருமையோடு எழுதுகிறார்கள். நாடுநாடாக ஒப்புதல் கேட்ட அரசன் அங்கே நாகரிகத்தின் அடையாளம். இங்கே அதே நிலை வளர்ச்சியின்மையின் அடையாளம். உப்சாலாவில் கல்லைச் சுற்றி மக்கள் கூடினால் அரசியல், ஜவ்வாது மலையின் புதூர்நாட்டில் மரத்தடியில் கூடினால் பழங்குடி வழக்கம். இந்த இரட்டை அளவை எந்தத் தருக்கத்தாலும் காப்பாற்ற முடியாது.

5. காஞ்சியிலிருந்து வந்த கதை என்ன சொல்கிறது?

வட ஆற்காடு மாவட்டக் கையேட்டில் பதிவாகி, 1909இல் எட்கர் தர்ஸ்டனின் தொகுதிகளிலும் இடம்பெற்ற கதை இது. சக ஆண்டு 1055இல், அதாவது கி.பி. 1133 வாக்கில், கங்குந்தி வேடர்கள் காஞ்சிபுரத்துக் காரைக்காட்டு வேளாளரிடம் பெண் கேட்டார்கள். கொடுக்க மறுத்ததும் ஏழு பெண்களைத் தூக்கிக்கொண்டு போனார்கள். மீட்கக் கிளம்பிய ஏழு ஆண்கள் ஏழு நாய்களைக் கூட்டிக்கொண்டு போனார்கள். நாய்கள் தனியே திரும்பினால் நாங்கள் செத்தோம் என்று வையுங்கள் என்று மனைவிமாரிடம் சொல்லிப்போனார்கள். பாலாற்றில் வெள்ளம். ஆண்கள் கடந்துவிட்டார்கள், நாய்கள் திரும்பிவிட்டன. வீட்டில் கருமாதி முடிந்துவிட்டது. வேடர்களைக் கொன்று திரும்பியவர்களைச் செத்தவர்களாகவே வைத்துச் சாதி சேர்க்க மறுத்தது. அவர்கள் வேடர் பெண்களை மணந்துகொண்டு ஜவ்வாது மலை ஏறினார்கள்.

இதைத்தான் மலைக்குச் சொந்த அரசியல் இல்லை என்பதற்குச் சான்றாகக் காட்டுகிறார்கள். கதையை அவர்கள் கவனித்துக் கேட்கவில்லை. காஞ்சிபுரத்து வேளாளரிடம் சரிசமமாகப் பெண் கேட்கும் துணிவோடு, மறுத்தால் தூக்கிவரும் வலிமையோடு வேடர்கள் ஏற்கெனவே அங்கே இருக்கிறார்கள். வந்தவர்கள் ஏழே பேர், வேரற்றவர்கள், சொந்தச் சாதியில் செத்தவர்கள். குடியைப் பெற்றுப் பெருக்கியவர்கள் வேடர் பெண்கள். தகப்பன் வழியை மட்டும் எண்ணினால்தான் இது காஞ்சிக் கதை. தாய் வழியையும் எண்ணினால் இது மலையின் கதை. அன்றியும், சக 1055ஐ அப்படியே நம்பினாலும், எடுத்தனூர்க் கல் அதைவிட ஐந்து நூற்றாண்டு மூத்தது. மலைமேல் கீழ்செப்பிலியில் வாலியர் வீடு என்று மக்கள் சொல்லும் கல்திட்டைகள் அதைவிடவும் மூத்தவை. திருப்பத்தூர்ப் பக்கம் பையம்பள்ளியில் 1960களில் தோண்டியெடுத்த புதிய கற்கால ஊர் எல்லாவற்றுக்கும் மூத்தது. காலி மலையில் யாரும் குடியேறவில்லை.

6. நாட்டார் சபை வெறும் சாதி வழக்கமா?

திருப்பத்தூர் மாவட்டத்தில் மலைமேல் உள்ள மூன்று ஊராட்சிகளின் பெயர் புதூர்நாடு, நெல்லிவாசல்நாடு, புங்கம்பட்டுநாடு. ஊருக்கு ஊர்க்கவுண்டர், பல ஊர் சேர்ந்த நாட்டுக்கு நாட்டார். நில எல்லை, பங்காளி வழக்கு, மணமுறிவு, திருவிழா நாள், காட்டில் எதை எப்போது எடுக்கலாம் என்ற கட்டுப்பாடு எல்லாம் அவர்கள் கூட்டத்தில் தீர்ந்துவந்தன. இதில் எனக்குக் குறை உண்டு: பெண்களுக்கு அந்தக் கூட்டத்தில் பேச்சில்லை, ஊர்விலக்கு என்ற தண்டனை கொடூரமானது. அந்தக் குறைகள் அது அரசியல் அமைப்பு என்பதை மறுத்துவிடவில்லை. நிலத்தின் மீதும் ஆள் மீதும் தண்டனை மீதும் அதிகாரம் கொண்ட அமைப்பு அரசியல் அமைப்புதான்.

இதை ஏன் நாம் கண்டுகொள்வதில்லை என்பதற்கு விடை கல்வராயன் மலையில் இருக்கிறது. அங்கேயும் மலையாளி மக்கள்தான். அங்கே சடையக் கவுண்டன், குறும்பக் கவுண்டன், ஆரியக் கவுண்டன் என்று மூன்று ஜாகிர்கள். கிருஷ்ணதேவராயர் கொடுத்ததாகச் சொல்லப்படும் பட்டயத்தின் பேரில் ஜாகிர்தார்கள் மக்களிடம் வரி வாங்கினார்கள். 1976இல் அரசு எடுத்துக்கொள்ளும் வரை அந்த ஆட்சி நீடித்தது. அவர்களை மலையின் ஆட்சியாளர் என்று எல்லோரும் தயக்கமின்றி எழுதுகிறார்கள். மேலிருந்து பட்டயம் வாங்கி, தன் மக்களிடமே வரி பறித்தவன் ஆட்சியாளன். பட்டயம் வாங்காமல், மக்கள் கூட்டத்துக்குப் பதில் சொல்லிக்கொண்டு இருந்த ஜவ்வாது நாட்டார் வெறும் பெரியவர். நம் வரலாற்று எழுத்து எதை அரசு என்று மதித்துவந்திருக்கிறது என்பதை இந்த ஒப்பீடு கசப்பாகக் காட்டுகிறது.

இவ்வளவும் சொல்வது மலையாளி மக்களுக்கும் ஓர் ஆண்ட பரம்பரையைத் தேடிக் கொடுக்கவா என்று கேட்பவர்கள் உண்டு. நிச்சயமாக இல்லை. நன்னனின் பேரன் இன்னார் என்று எவரும் உரிமை கொண்டாடச் சான்றில்லை. அப்படிக் கொண்டாடுவதால் யாருக்கும் நன்மையும் இல்லை. முன்னோர் சூடிய முடியைக் காட்டி இன்று பக்கத்து வீட்டுக்காரனைத் தாழ்த்தும் அரசியலை நான் வெறுக்கிறேன். என் வாதம் குடும்பத்தைப் பற்றியதே இல்லை, இடத்தைப் பற்றியது. இந்த மலையிலும் அதன் அடிவாரத்திலும் இரண்டாயிரம் ஆண்டுகளாக அதிகாரம் உள்ளூரில் உருவாகி, உள்ளூர் ஒப்புதலோடு நடந்திருக்கிறது. மேலிருந்து வந்த ஒவ்வொரு பேரரசும் அதோடு பேசித்தான் நுழைந்திருக்கிறது. அப்படிப் பேசாமல் நுழைந்தது ஆங்கிலேயரின் காட்டுச் சட்டம். 1882ஆம் ஆண்டுச் சென்னை வனச் சட்டத்தின்கீழ் காடு காப்புக்காடானது. அதுவரை காட்டை ஆண்டவர்கள் அதில் அத்துமீறி நுழைபவர்கள் ஆனார்கள்.

அன்று தொடங்கியது இன்னும் முடியவில்லை. அரசியல் சட்டத்தின் ஐந்தாம் அட்டவணைப் பகுதிகள் பத்து மாநிலங்களில் இருக்கின்றன; தமிழ்நாட்டில் ஒன்றுகூட இல்லை. அதனால் பழங்குடி கிராம சபைக்கும் அதன் வழக்காற்றுச் சட்டத்துக்கும் அதிகாரம் கொடுத்த 1996ஆம் ஆண்டின் பெசா சட்டம் ஜவ்வாது மலையில் செல்லுபடியாவதில்லை. கேட்டால், இங்கே அப்படித் தன்னாட்சி மரபு எதுவும் இருந்ததில்லையே என்ற பதில்தான் பேச்சுவாக்கில் வருகிறது. 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் ஆந்திரக் காவல்துறை சுட்டு இருபது தமிழ்த் தொழிலாளர்கள் இறந்தார்கள். பலர் ஜவ்வாது மலையையும் அதன் அடிவாரத்தையும் சேர்ந்தவர்கள். சொந்த மலையின் காட்டில் உரிமை இல்லாமல் போனவன் வேறு மாநிலத்துக் காட்டில் கூலிக்கு மரம் வெட்டப் போனான் என்பதை அன்று எத்தனை தலையங்கங்கள் எழுதின?

2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது. அதன்கீழ் 2008இல் வந்த விதிகளில் 13ஆவது விதி, உரிமை கோருவோர் காட்டக்கூடிய சான்றுகளைப் பட்டியலிடுகிறது. பழைய அரசுகளின் ஆவணங்கள் மட்டுமே செல்லும் என்று அது சொல்லவில்லை. கிணறு, இடுகாடு, வழிபாட்டு இடம் போன்று தொன்மையை நிறுவும் மரபுக் கட்டுமானங்களையும், முதியவர்கள் சொல்ல எழுதிவைக்கும் வாக்குமூலத்தையும் சான்றாக ஏற்கிறது. அப்படியானால் கீழ்செப்பிலியின் கல்திட்டைகளும், கொல்லை மேட்டில் கிடக்கும் நடுகற்களும், எந்தக் காடு எந்த நாட்டுக்கு என்று நாட்டார் வாயில் இருக்கும் எல்லைக் கணக்கும் தொல்பொருள் ஆர்வலருக்கு மட்டும் உரியவை இல்லை. ஜவ்வாது மலையின் ஒவ்வொரு ஊர் சபையும் அவற்றை எண்ணி, படமெடுத்து, இடம் குறித்து, சமூக வன உரிமை மனுவோடு இணைக்க வேண்டும். மனு உட்கோட்ட அளவில் நிராகரிக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் கேட்டு மாவட்டக் குழுவுக்கு மேல்முறையீடு செய்ய அறுபது நாள் அவகாசம் உண்டு.